ஆற்றுக்கு அந்தக் கரையில் மைக்ரோ விநாடி, இந்தக் கரையில் ‘கல் ஆவோ’!

வேகம், வேகம் என்று நாடெங்கும் ஒரே முழக்கமாக இருக்கிறது. 2022 அக்டோபர் 1-ந் தேதி தில்லியில் 5ஜி சேவையைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அன்றிலிருந்து ரயில் பெட்டி, பேருந்து நிறுத்தம், மேம்பாலத் தூண் என்று ஒட்ட இடமுள்ள எல்லாவற்றிலும் அந்த ஐந்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு முழு சினிமா இறங்கிவிடுமாம். இறங்கட்டும். நமக்குச் சினிமாவின் மேல் விரோதமில்லை. நாம் கேட்பது அரிசி.

ஊரை விட்டு வந்து உழைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தால் ஒரு நன்மை உண்டென்பதை நாம் மறைக்கப் போவதில்லை. 2019 ஆகஸ்டில் ஆந்திரா–தெலங்கானா, குஜராத்–மராட்டியம் என்று இரண்டு ஜோடி மாநிலங்களில் ஆரம்பித்தார்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அஸ்ஸாமும் சேர்ந்ததோடு நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. திருநெல்வேலி மாவட்டத்து அட்டையை வைத்துக் கொண்டு தாராவியிலோ சூரத்திலோ பெங்களூரிலோ தானியம் வாங்கலாம். அட்டை மட்டும் 2013-ம் ஆண்டின் மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருக்க வேண்டும். ஊரில் தமிழக அரசு தன் கணக்கில் தருகிற பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் இங்கே கிடைக்காது. அது வேறு சண்டை, வேறொரு இதழில் போடுவோம்.

அந்தத் தானியத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு கையடக்க இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. விரலை வை என்கிறார்கள், வைக்கிறோம். திரையில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். கடைசியில் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே சொல்கிறார்: “சர்வர் நஹீ சல் ரஹா, கல் ஆவோ.” இந்தியில் ‘கல்’ என்றால் நாளை. ரேஷன் அரிசியில் கிடக்கிற கல்லை முறத்தில் போட்டுப் பொறுக்கி எறியலாம். இந்தக் கல்லை எந்த முறத்தில் போட்டுப் புடைப்பது? வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அன்று அரை நாள் கூலி போகும். மறுநாளும் அதே கதை என்றால், மூன்று நடை நடந்து வாங்கிய இலவச தானியத்தின் விலை கடைத்தெரு விலையைத் தாண்டிவிடும்.

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? “டெக்னிகல் கோளாறம்மா, யார் என்ன செய்ய முடியும்?” மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல, நெட்வொர்க் நிற்பதும் இயற்கையாம்! படித்தவர்கள் சொல்கிறார்கள், பாமர ஜனங்கள் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். இந்தப் பேச்சைத்தான் நாம் மறுக்கிறோம். கம்ப்யூட்டர் நெட்வொர்க் என்பது மனிதன் திட்டம் போட்டுக் கட்டியது. அதில் எது விரைவாகப் போகும், எது காத்துக் கிடக்கும், கூட்டம் நெரிந்தால் யாரை முதலில் விடுவது என்பதெல்லாம் யாரோ ஒருவர் மேஜைமேல் காகிதம் வைத்துத் தீர்மானித்த சங்கதிகள். தீர்மானித்தவர்கள் உண்டென்றால், பதில் சொல்ல வேண்டியவர்களும் உண்டு.

முதலில் ‘வேகம்’ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் ஆரம்பிக்கிறது. தந்தியையும் ரயில் பார்சலையும் நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தந்தியில் நாலு வார்த்தைதான் போகும், ஆனால் அன்றைக்கே ஊர் போய்ச் சேரும். பார்சல் வண்டியில் நூறு மூட்டை ஏற்றலாம், ஆனால் போய்ச் சேர இரண்டு மூன்று நாளாகும். எது வேகம்? தாய் சாகக் கிடக்கிறாள் என்ற செய்தியை யாராவது பார்சலில் போடுவார்களா? (2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டார்கள். அன்று நம் பகுதியில் ஒரு கிழவர், ‘சாவுக்கு இனி யார் சேதி சொல்வது’ என்றார். சிரித்தோம்.) கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இவை இரண்டும் தனித்தனி. ஒரு விநாடியில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பது கொள்ளளவு. ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் என்பது தாமதம். விளம்பரத்தில் வருகிற மெகாபிட், ஜிகாபிட் எல்லாம் மூட்டைக் கணக்கு. அரசாங்கமும் வெகுகாலம் அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. ‘பிராட்பேண்ட்’ என்று சொல்லிக்கொள்ள 2004-ல் விநாடிக்கு 256 கிலோபிட் போதும் என்றார்கள், 2013-ல் 512 ஆக்கினார்கள், 2023-ல் 2 மெகாபிட் ஆக்கினார்கள். மூன்றும் மூட்டைகளின் எண்ணிக்கைதான். நமது விரல்ரேகை ஒரு தந்தி. அது சில ஆயிரம் எழுத்து அளவுள்ள சின்னச் செய்தி. சினிமா இறக்குகிற வேகத்தைக் காட்டி நம்மை வாயடைக்க முடியாது.

சரி, இந்தத் தந்தி எவ்வளவு நேரத்தில் போய்வர வேண்டும்? ஆதார் விவரங்களை வைத்திருக்கும் கணினி நிலையங்கள் பெங்களூரிலும் அரியானாவில் மானேசரிலும் இருக்கின்றன. கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பையிலிருந்து மானேசர் வரை கம்பி வளைந்து நெளிந்து 2,000 கிலோமீட்டர் போவதாகவே வைத்துக்கொள்வோம். போக 10 மில்லி விநாடி, வர 10 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ‘நான்தான் பேசுகிறேன், நீதானா பேசுவது’ என்று இரண்டு கம்ப்யூட்டர்களும் அடையாளம் விசாரித்துக்கொள்ள, மாநில சர்வருக்கும் மத்திய சர்வருக்கும் அலைய, மொத்தம் பத்து நடை ஆகட்டுமே. அப்போதும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கடையில் சக்கரம் சுற்றுவதோ இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் ஒளி இங்கிருந்து மானேசருக்கு ஆறாயிரம் தடவை போய்வந்துவிடும். ஆகவே ஒளியின் மேல் குற்றமில்லை, தூரத்தின் மேல் குற்றமில்லை. மீதி நேரமெல்லாம் நமது செய்தி எங்கெங்கோ வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. கடைவாசலில் நாம் நிற்பது போலவே, கண்ணுக்குத் தெரியாமல் நம் விரல்ரேகையும் கியூவில் நிற்கிறது!

வரிசையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குழாயில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும், நாற்பது குடம் வரிசையில் இருக்கும். எல்லாம் ஒழுங்காகப் போகும். திடீரென்று இன்னும் நாலு குடம் வந்தால் போதும், சண்டை. இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க்குக்காரர் 1909-லேயே தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைப் பற்றி எழுதினார். அவர் போட்ட பாதையில் பின்னால் வந்த வாய்பாடு ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஒருவருக்கு ஒரு நிமிஷம் ஆகிற கவுண்டர் ஒன்று. ஆட்கள் நேரங்காலம் பார்க்காமல் வருகிறார்கள். கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், சராசரியாக ஒருவர் வந்து போக 2 நிமிஷம் ஆகும். நூற்றுக்குத் தொண்ணூறு வேலையாக இருந்தால் 10 நிமிஷம். தொண்ணூற்றைந்து என்றால் 20 நிமிஷம். தொண்ணூற்றொன்பது என்றால் 100 நிமிஷம்! கடைசி நாலு பங்கு நெரிசலுக்குக் காத்திருப்பு ஐந்து மடங்காகிறது.

இதன் பொருள் என்ன? ‘எங்கள் சர்வர் முழுத் திறனில் ஓடுகிறது’ என்று எந்த அதிகாரியாவது பெருமை பேசினால், அவர் நம்மை வெயிலில் நிறுத்துவதைப் பெருமையாகச் சொல்கிறார் என்று பொருள். மாதத் தொடக்கத்தில்தான் நாடெங்கும் ரேஷன் கடைகளில் கூட்டம் நெரியும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்த நாளுக்காகக் கட்டாமல் சராசரி நாளுக்காகக் கட்டிவிட்டு, பிறகு ‘லோடு அதிகம்’ என்று கையை விரிப்பது, மழைக்காலத்தில் ஒழுகுகிற கூரையைப் போட்டுவிட்டுச் சராசரியாக வருஷத்தில் பெரும்பாலான நாள் ஒழுகுவதில்லையே என்று சொல்வதற்குச் சமம்.

நெரிசல் ஒரு நெட்வொர்க்கையே கொன்ற கதையும் உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் அதை ஒட்டியிருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் இடையே, சுமார் 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி அறுந்து போகவில்லை. செய்தி போய்ச் சேராத கம்ப்யூட்டர்கள் எல்லாம் திரும்பத் திரும்ப அதையே அனுப்பின. அனுப்ப அனுப்ப நெரிசல் கூடியது, கூடக்கூட இன்னும் அனுப்பின. வாசற்படியில் ஆள் மேல் ஆள் விழுந்து, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் நிற்கிற கூட்டம் போல. வான் ஜேக்கப்சன் என்ற அந்த ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி 1988-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு வைத்தியம் சொன்னார். பெரிய கம்பி போடு என்பதல்ல அந்த வைத்தியம். மெதுவாக ஆரம்பி, வழி இருந்தால் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டு, செய்தி தொலைகிறதென்றால் நெரிசல் என்று புரிந்துகொண்டு சட்டென்று பாதியாகக் குறைத்துக்கொள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்கியது, நெட்வொர்க் பிழைத்தது. இன்றைக்கு உலகத்து இணையம் ஓடுவதற்கு இந்தக் கட்டுப்பாடும் அதன் வாரிசுகளும் முக்கியமான காரணம். பொதுச்சொத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற கேள்விக்குக் கம்ப்யூட்டர்கள் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்பே மரியாதை கற்றுக்கொண்டன!

இதற்குப் பிறகும் ஒரு கோணல் வந்தது. நினைவகச் சில்லு மலிவானதும், வழியிலுள்ள பெட்டிகளிலெல்லாம் பெரிய பெரிய காத்திருப்பு அறைகளைக் கட்டிவிட்டார்கள். எந்தச் செய்தியும் தொலையக் கூடாது, எல்லாம் உள்ளே வந்து உட்காரட்டும் என்ற நல்லெண்ணம்தான். விளைவு? ஒருவர் படம் பார்க்க இழுக்கிற பெரிய மூட்டைகள் அறையை அடைத்துக்கொள்ள, பின்னால் வந்த நாலு வார்த்தைத் தந்தி கடைசியில் நிற்கிறது. தொலைவதுமில்லை, போவதுமில்லை. செய்தி தொலையாததால் நெரிசல் என்பதே அனுப்புகிறவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் முதலானவர்கள் இந்த நோயை வெளியே கொண்டுவந்தார்கள். 2012-ல் கேத்லீன் நிகோல்ஸ் என்ற அம்மையாரும் அதே ஜேக்கப்சனும் மருந்து சொன்னார்கள். அறை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்காதே, உள்ளே வந்தவர் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று பார். பெரிய மூட்டைக்காரர்களைத் தனித்தனி வரிசையில் நிறுத்தி, எப்போதாவது வருகிற சின்னச் செய்தியை முன்னே விடுகிற முறையும் இதையொட்டி வந்தது. மருந்து இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு குடம் பிடிக்க வந்தவளை டாங்கர் லாரிக்குப் பின்னால் நிறுத்தாதே என்று சொல்கிற இந்தச் சின்ன நியாயம் எந்த மலிவுப் பெட்டிக்குள் இருக்கிறது, எதற்குள் இல்லை என்று வாங்குகிற அதிகாரிகள் டெண்டரில் கேட்கிறார்களா? இதுதான் நம் கேள்வி.

இனி ஆற்றின் அந்தக் கரைக்கு வருவோம். தாராவிக்கு வடக்கே மித்தி ஆறு. ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா–குர்லா வளாகம். கண்ணாடிக் கட்டிடங்கள். அங்கேதான் தேசியப் பங்குச் சந்தை இருக்கிறது. தரகர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சந்தையின் சொந்தக் கட்டிடத்துக்குள்ளேயே வாடகை கொடுத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2010-ல் நடைமுறைக்கு வந்தது. எதற்காக? கம்பி நீளம் குறையும், தாமதம் குறையும். ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதில் ஒளி கம்பிக்குள் 200 மீட்டர்தான் போகும். நம் சந்தின் நீளம்! அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோவுக்கும் நியூயார்க் வட்டாரத்துக்கும் இடையே போக வர சுமார் 13 மில்லி விநாடியில் முடிய வேண்டும் என்று மலையைக் குடைந்து கூடியவரை நேர்கோட்டில் கம்பி பதித்து 2010-ல் திறந்தார்கள். மிச்சமான நேரம் கண்ணிமைக்கிற பொழுதில் ஒரு சிறு பங்கு.

தேசியப் பங்குச் சந்தையில் அப்போது விலை விவரங்களை ஒவ்வொரு தரகருக்கும் ஒருவர் பின் ஒருவராக அனுப்புகிற முறை இருந்தது. காலையில் சர்வரில் முதலில் ஒட்டிக்கொண்டவருக்கு முதலில் போகும், அடுத்தவருக்கு அடுத்தது. அந்த வரிசையைக் கலைத்துப் போடவோ சுமையைச் சமமாகப் பங்கிடவோ ஏற்பாடு இல்லை என்று செபி பின்னால் சொன்னது. 2014 வாக்கில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒலிபரப்புகிற முறைக்கு மாறினார்கள். 2015-ல் புகார் கிளம்பியது. 2019 ஏப்ரல் 30-ந் தேதி செபி, 624.89 கோடி ரூபாயை வட்டியுடன் கட்டும்படி சந்தைக்கு உத்தரவு போட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்து, கவனக் குறைவுக்காக 100 கோடி கட்டினால் போதும் என்றது. 2024 செப்டம்பரில், தரகருடன் சேர்ந்து சதி செய்ததற்கு ஆதாரம் போதவில்லை என்று செபியே அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டது. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. நாம் பார்ப்பது வேறு. விநாடியில் எத்தனையோ பங்கில் ஒரு பங்கு நேரம் முன்னால் பின்னால் ஆனதற்கு, வரிசை நியாயமாக இருந்ததா என்று கேட்டு, தணிக்கைக்காரர்கள், வல்லுநர் குழு, செபி, தீர்ப்பாயம் என்று பத்தாண்டு காலம் விசாரித்தார்கள். நெட்வொர்க்கின் அமைப்பைப் பிரித்துப் போட்டு, எந்தப் பெட்டியில் யார் எத்தனையாவதாக நின்றார் என்று நோண்டிப் பார்த்தார்கள். நல்லது, செய்ய வேண்டியதுதான்.

அமெரிக்காவில் ஐ.இ.எக்ஸ். என்ற சந்தை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அவர்கள் வேண்டுமென்றே 38 மைல் நீளக் கம்பியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர் எல்லோருடைய செய்தியும் அதற்குள் சுற்றி வர வேண்டும் என்று வைத்தார்கள். எல்லோருக்கும் 350 மைக்ரோ விநாடி தாமதம், யாருக்கும் முந்துகிற சலுகை கிடையாது! நியாயத்துக்காக நெட்வொர்க்கை நிதானப்படுத்தவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆக, வரிசையில் நியாயம் செய்வது எப்படி என்று தெரியாமலில்லை. யாருக்குச் செய்வது என்பதில்தான் தகராறு.

ஆற்றின் இந்தக் கரையில் நிற்கிற நாற்பது பேரின் இரண்டு நிமிஷத்தை யார் விசாரித்தார்கள்? எந்தத் தணிக்கைக்காரர் ரேஷன் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, செய்தி எந்த சர்வரில் எத்தனை விநாடி நின்றது என்று அறிக்கை கொடுத்தார்? டிராய் 2024 ஆகஸ்டில் சேவைத் தர விதிகளைப் புதுப்பித்தது. தாமதத்தையும் அளக்கச் சொல்லியிருக்கிறது, அதை வரவேற்கிறோம். மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்று போனால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்றும் இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரம்! அந்தக் கரையில் மைக்ரோ விநாடி, இந்தக் கரையில் முழு நாள். அதுவும் டெலிபோன் கம்பெனியின் எல்லை வரைக்கும்தான். அதற்கப்பால் அரசாங்க சர்வரில் நம் செய்தி தூங்குவதை டிராய் அளக்காது, உணவுத் துறை கம்பெனியைக் கைகாட்டும், கம்பெனி சர்வரைக் கைகாட்டும், சர்வர்காரர் ஆதாரைக் கைகாட்டுவார். கடைக்காரர் நம்மைக் கைகாட்டுவார்: “உங்கள் விரல் தேய்ந்துவிட்டது.” தேய்ந்துதான் போயிருக்கிறது. தோல் பதனிட்டும் பாத்திரம் தேய்த்தும் செங்கல் தூக்கியும் தேய்ந்த விரல். அதற்குமா நாம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் 2016-லேயே இந்த ஏற்பாட்டின் பலவீனத்தைச் சுட்டிக் காட்டினார். இயந்திரம், கைரேகைக் கருவி, கைபேசி இணைப்பு, இணையம், தூரத்து சர்வர் எல்லாமே ஒரே நேரத்தில் வேலை செய்தாக வேண்டும். கணக்கை நாமே போடலாம். ஐந்து கண்ணிகள், ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை ஒழுங்காக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகக் கேட்டால் ஐந்து பேருமே “எங்கள் பக்கம் 95 சதவீதம் சரி” என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். ஐந்தையும் பெருக்கினால் வருவது 77. நூறு பேரில் இருபத்து மூன்று பேர் திரும்பிப் போகிறார்கள். ஐவரும் யோக்கியர்கள், பட்டினி மட்டும் நம்முடையது!

“அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறீர்களா, பழைய திருட்டுக் கணக்குக்கே போகலாமா?” என்று கேட்பார்கள். 1980-களில் வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்ததை இன்றும் கேலியாகச் சொல்லிக்காட்டுகிறவர்கள் உண்டு. நாம் இயந்திரத்தை உடைக்க வரவில்லை. இயந்திரம் இல்லாவிட்டால் திருநெல்வேலி அட்டைக்கு இங்கே ஒரு மணி தானியம் கிடையாது என்பதும் நமக்குத் தெரியும். நாம் சொல்வது, நெட்வொர்க் நின்றுபோகும் என்று தெரிந்தே கட்டு என்பதுதான். அரசு பஸ் கண்டக்டரின் டிக்கெட் இயந்திரத்தைப் பாருங்கள். மலைப்பாதையில் டவர் இல்லை என்று அவர் டிக்கெட் கொடுக்காமல் இருக்கிறாரா? கிழித்துக் கொடுக்கிறார், கணக்கு டிப்போவுக்கு வந்தபின் சேருகிறது. கைபேசியில் வருகிற எஸ்.எம்.எஸ். எப்படிப் போகிறது? எதிராளியின் போன் அணைந்திருந்தால் நடுவில் தங்கி, அவர் போட்டதும் போய்ச் சேருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு வழி கிடைத்ததும் அனுப்புவது நெட்வொர்க் கலையில் அரிச்சுவடி. அட்டையின் விவரத்தை இயந்திரத்தில் பதிந்துகொண்டு, தானியத்தைக் கொடுத்துவிட்டு, ராத்திரி கூட்டம் இல்லாத வேளையில் சர்வருக்கு அனுப்பினால் ஆகாதா? ஒரே அட்டைக்கு இரண்டு கடையில் வாங்கிவிடுவார்கள் என்று பயமா? வாங்கினால் அடுத்த மாதம் கழித்துக்கொள். பத்து கிலோ தானியத்துக்காக ஒரு குடும்பம் ஊரை விட்டு ஓடிவிடாது. வங்கியில் ஆயிரம் கோடி வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவர்களின் கைரேகையை யார் எந்த இயந்திரத்தில் பார்த்தார்கள் என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை.

நாம் கேட்பது ஒன்றும் புதிய சலுகையும் அல்ல. மத்திய உணவுத் துறையே 2017 அக்டோபர் 24-ந் தேதி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நெட்வொர்க் இணைப்புக் கோளாறு, கைரேகை பொருந்தாமை போன்ற காரணங்களால் யாருக்கும் தானியத்தை மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. 2018 செப்டம்பர் 26-ந் தேதி ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும், அடையாளச் சோதனை தோற்றால் உரிமை போய்விடக் கூடாது, வேறு வழியில் அடையாளம் காட்ட இடம் தர வேண்டும் என்ற நிலையையே எடுத்தது. 2013 சட்டத்தின் 8-வது பிரிவு, தர வேண்டிய தானியத்தைத் தராவிட்டால் மாநில அரசு அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்கிறது. ‘சர்வர் நஹீ சல் ரஹா’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஈடு வந்தது? நம் வாசகர்களில் ஒருவருக்காவது வந்திருந்தால் எழுதுங்கள், முதல் பக்கத்தில் போடுகிறோம்.

ஊரில் இருக்கிற நம் சொந்தங்களையும் இது விடவில்லை. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்குக் காலையும் மதியமும் கைபேசிச் செயலியில் போட்டோ எடுத்துத்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். கண்மாய்க் கரையில் டவர் எட்டாத இடத்தில் நாள் முழுக்க மண் சுமந்தவருக்கு, போட்டோ ஏறவில்லை என்பதால் கூலி ஏறாது என்ற பயம். இங்கே மருமகள் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அங்கே மாமியார் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு இடத்திலும் சுற்றுவது அதே சக்கரம்.

இனி வரப்போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5ஜி-யில் ஒரே நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தரம் என்று உத்தரவாதம் கொடுக்க முடியும். 2016 பிப்ரவரியில் டிராய், சில தளங்கள் மட்டும் இலவசம் மற்றதற்குக் காசு என்று கட்டணத்தில் பாகுபாடு செய்வதைத் தடை செய்தது. அது நல்ல தீர்ப்பு. கட்டணத்தில் மூடிய வாசல் ‘துண்டு’ என்ற பெயரில் திறக்கக் கூடாது. துண்டு போடத்தான் வேண்டுமென்றால், ஆபரேஷன் தியேட்டருக்கும் ஆம்புலன்சுக்கும் ஒன்று போடட்டும். ரேஷன், கூலி, ஓய்வூதியம் ஆகிய சின்னத் தந்திகளுக்கு ஒன்று போடட்டும். விளையாட்டுப் போட்டி பார்க்கிறவர் அரை விநாடி பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் உணவுத் துறைக்கும் மாவட்ட ரேஷன் அலுவலகங்களுக்கும் மனு தயாராகிறது. கடைவாரியாக, நாள்வாரியாக, விரல் வைத்ததிலிருந்து பதில் வரும் வரை எத்தனை விநாடி என்ற கணக்கை வெளியே ஒட்ட வேண்டும் என்று கேட்கிறோம். சராசரிக் கணக்கு வேண்டாம், மாதத்தின் முதல் பத்து நாளில் மிக மோசமான மணி நேரத்தின் கணக்கு வேண்டும். ஐந்து நிமிஷம் இணைப்பு இல்லாவிட்டால் 2017 கடிதப்படி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கித் தானியம் தர வேண்டும். திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று தர வேண்டும், 8-வது பிரிவில் ஈடு கேட்க அது ஆதாரமாகும்.

மனுவோடு வைக்க நம் கையிலும் கணக்கு வேண்டும். அடுத்த மாதம் ஒன்றாந்தேதியிலிருந்து பத்தாந்தேதி வரை ரேஷன் கடைக்குப் போகும் தாய்மார்கள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கூட வந்தால் இன்னும் நல்லது, கைபேசியில் விநாடி பார்க்க அதற்குத் தெரியும். தேதி, கடை எண், விரல் வைத்த மணி, பதில் வந்த மணி, வராவிட்டால் கடைக்காரர் சொன்ன வார்த்தை. அவர் இந்தியில் சொன்னால் இந்தியிலேயே, மராத்தியில் சொன்னால் மராத்தியிலேயே, தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நோட்டைப் பன்னிரண்டாந்தேதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று காத்திராமல், எந்த நாள் மாலையிலும் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம்.